ரிட்டர்ன் பெட்டியில் ஒரு சம்படம்

தம்பி, அந்த டேப்பை நடுவுல மட்டும் ஒட்டாதீங்க. நாலு ஓரத்திலயும் ஒட்டுங்க, இல்லைன்னா வழியில வாய் பிளந்துக்கும். பட்டவ சொல்றேன்.

திருப்பி அனுப்புற பொருளா? முகத்தைப் பார்த்ததுமே நினைச்சேன். உட்காருங்க, உட்காருங்க. கரண்ட்டு வந்தாத்தான் பில்லு போட முடியும்னு கூரியர்காரரு சொல்லிட்டாரு. அந்தா, வாசல்ல நின்னு டிரான்ஸ்பார்மரையே பார்த்துக்கிட்டு இருக்காரு பாருங்க, அவருதான். பார்த்தா மட்டும் வந்துடுமா?

உள்ள என்ன, கம்ப்யூட்டர் சாமானா? அட! ஆன்லைன்ல வாங்கினதா? சரியாப் போச்சு. என் மடியில இருக்கிறதும் அப்படி ஒரு கம்பெனிக்குப் போறதுதான். கம்பெனி பேரு கேட்காதீங்க, எனக்கு வாயில நுழையாது. சென்னையில இருக்கு. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற சாமான் மட்டும் விக்கிறாங்க. கடையே கிடையாதாம். போன்ல பார்த்து, போன்லயே வாங்கிக்க வேண்டியது.

பயப்படாதீங்க, எடுத்துக்குவாங்க. நானும் உங்களை மாதிரி பயந்தவதான். நான் ஆறாவதோட நின்னவ. எனக்கு எது புதுசா வந்தாலும் முதல்ல தள்ளி நின்னுதான் பார்ப்பேன். கேஸ் அடுப்பு வந்தப்ப ஒரு வாரம் விறகுலதான் சமைச்சேன்.

எனக்கு ஒரே மகன், வீரபாண்டி. இங்க போடியிலதான், ஏலக்காய் வியாபாரிகிட்ட கணக்கு எழுதுறான். மருமக பேரு சுகிர்தா. அவ கல்யாண ஆல்பம் பண்றவ. போட்டோ எடுக்கிறவங்க எடுத்ததை எல்லாம் இவளுக்கு அனுப்பிருவாங்க. இவ வீட்ல உட்கார்ந்து, அதைக் கம்ப்யூட்டர்ல அடுக்கி, ஓரத்துல பூவு போட்டு, கண்ணை மூடிக்கிட்ட மாமனாரை முழிக்க வச்சு, புத்தகமாக்கிக் கொடுப்பா. தேனி, கம்பம், சின்னமனூர், எல்லா ஊர் ஸ்டுடியோவுக்கும் இவதான். நல்ல வேலைக்காரி. அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா ஒண்ணு. காப்பியைக் கொண்டு போய்க் கொடுத்தா, "வச்சுட்டுப் போங்க அத்தை"ம்பா. ஆடை படிஞ்சு, ஆறிப் போய், அது காப்பியா கழனித் தண்ணியான்னு தெரியாம ஆனப்புறம் குடிப்பா. நான் குறை சொல்லலை. மருமகளைக் குறை சொல்ற வழக்கமே என்கிட்ட கிடையாது. ராத்திரி எந்நேரம் படுக்கிறான்னு தெரியாது. கண்ணுக்குக் கீழ ரெண்டு பக்கமும் கருப்பு. கேரட்டை அரைச்சுக் கொடுத்தா மூஞ்சியைச் சுளிப்பா. வேணும்னா குடி, வேணாம்னா போன்னு விட்டுருவேன். குடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நிப்பேன், அவ்வளவுதான்.

அந்தக் கம்ப்யூட்டர் ஆவணி மாசம், முகூர்த்தம் முட்டி மோதுற நேரத்துல படுத்துக்கிச்சு. சுவிட்சைத் தட்டினா சத்தமே இல்லை. என் பேத்தி இனியா, மூணு வயசு, பக்கத்துல போய் நின்னு, "அம்மா, இது தூங்குது"ங்கிறா. அவ அம்மாவுக்கு அழுகையே வந்துருச்சு.

பஜார்ல குணசேகரன்னு ஒருத்தர் கம்ப்யூட்டர் கடை வச்சிருக்காரு. வந்தாரு. பெட்டியைத் திறந்தாரு. உள்ள பார்த்துட்டு, நம்ம வீட்ல யாரோ தவறிப் போன மாதிரி தலையை ஆட்டினாரு. "உள்ள எல்லாம் போச்சுக்கா. புது மெஷினாப் போட்டுருங்க"ன்னாரு.

சுகிர்தா விடலை. "எல்லாம் போகலை சார். பவர் சப்ளைதான் போயிருக்கு"ன்னா. அது என்னான்னு கேட்டேன். நம்ம வீட்டுக்கு மீட்டர் பெட்டி இருக்குல்ல அத்தை, அந்த மாதிரி, உள்ள இருக்கிற எல்லாத்துக்கும் கரண்ட்டைப் பிரிச்சுக் கொடுக்கிற பெட்டின்னா. எனக்குப் புரிஞ்சுது. குணசேகரனுக்கும் புரிஞ்சுது. ஆனா அதுக்கு அவரு சொன்ன விலையைக் கேட்டு எனக்குத் தண்ணி தவிச்சுது. அதுவும் மதுரையில இருந்து வரணுமாம், பத்து நாள் ஆகுமாம், அதுவும் நிச்சயம் இல்லையாம்.

இதுல இன்னொரு தலைவலி. கோயம்புத்தூர்ல ஒரு பெரிய ஸ்டுடியோக்காரரு இவளை ரொம்ப நாளாக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. "இங்க வந்துரும்மா, நாலு மெஷின் சும்மா கிடக்கு, வீடு நானே பார்த்துத் தர்றேன்"னு. கம்ப்யூட்டர் படுத்த அன்னைக்கே, சொல்லி வச்ச மாதிரி, அவருகிட்ட இருந்து போன். இவ "யோசிச்சுச் சொல்றேன் சார்"ங்கிறா. என் மகனும், "அங்க போனா எனக்கும் ஏதாவது வேலை கிடைக்கும்மா"ங்கிறான். அப்போ பேத்தியும் போயிருவா. வீட்ல நானும் என் வீட்டுக்காரரும் டிவியும்தான்.

போனா போங்கன்னு சொல்லிட்டேன். எனக்கென்ன? பிள்ளைங்க முன்னேறணும். அன்னைக்கு ரசத்துல உப்பை ரெண்டு தடவை போட்டுட்டேன், அது வேற விஷயம்.

அப்புறம் என் மகன்தான் அந்த ஆன்லைன் கம்பெனியைத் தேடிப் பிடிச்சான். குணசேகரன் சொன்ன விலையில ஏறக்குறையப் பாதி. அதே சாமான், அதே பேரு. பாதி விலைன்னதும் எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. "டேய், பெட்டியில செங்கல்லை வச்சு அனுப்பிருவாங்கடா. டிவியில காட்டினாங்க"ன்னேன். "அம்மா, அவங்களுக்குக் கடை வாடகை இல்லை, நடுவுல ஆள் இல்லை, அதான் கம்மி"ன்னான். நடுவுல ஆள் இல்லைன்னா ஏதாவது ஆச்சுன்னா யாரு சட்டையைப் பிடிக்கிறதுன்னு கேட்டேன். அதுக்குள்ள அவன் காசைக் கட்டிட்டான்.

மூணாம் நாளே வந்துருச்சு தம்பி! இந்தா நிக்கிறாருல்ல, இவருதான் கொண்டு வந்தாரு. நான் அவரைப் போக விடலை. "அண்ணே, இருந்து சாட்சி சொல்லிட்டுப் போங்க"ன்னு மோரைக் கொடுத்து உட்கார வச்சுட்டு, அரிவாள்மனையில பெட்டியை அறுத்தேன். செங்கல் இல்லை. புத்தம் புதுசு. கல்யாணப் பொண்ணை மூடின மாதிரி சுத்திச் சுத்தி மூடியிருந்தாங்க.

ஆனா என் மகன் தப்பாப் பார்த்து வாங்கிட்டான். அவங்க மேல குத்தம் இல்லை. நல்ல சாமான்தான், ஆனா எங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற இடத்துல அது உட்கார மாட்டேங்குது. வேற அளவு. நான் சொன்னேன், போச்சு, காசு போச்சு, இனி சென்னையில போய் யாரைத் தேடுறதுன்னு. இவன் போன்லயே என்னமோ தட்டினான். "திருப்பி அனுப்பிருங்க, மாத்தித் தர்றோம், கூரியர் செலவையும் கொடுத்துடறோம்"னு பதில் வந்துருச்சு. ஒரு கேள்வி இல்லை, ஒரு முகச்சுளிப்பு இல்லை. துணிக்கடையில ஒரு ரவிக்கைத் துணியை மாத்தப் போனா என்ன பாடு படுத்துறாங்க! நீங்களே சொல்லுங்க.

மறுநாள் சுகிர்தா, பாதியில நிக்கிற ஆல்பத்தை முடிக்க, தேனி ஸ்டுடியோவுல கம்ப்யூட்டர் கேட்டுப் போயிட்டா. மகன் வேலைக்குப் போயிட்டான். "அம்மா, அதை அப்படியே பெட்டியில வச்சு ஒட்டி, கூரியர்ல கொடுத்துரு"ன்னான்.

அப்படியேன்னா எப்படி? ஒருத்தங்க நல்ல மனசோட கொடுத்து விட்டாங்க. நமக்கு ஆகலை, திருப்பி அனுப்புறோம். பக்கத்து வீட்டுல இருந்து ஒரு கிண்ணத்துல குழம்பு வந்தா, கிண்ணத்தை வெறுசாவா கொடுப்போம்? ரெண்டு வாழைக்காயாவது, ஒரு கைப்பிடி சீனியாவது போட்டுத்தானே கொடுப்போம்? அதுவும் ஒரு வார்த்தை கேட்காம மாத்தித் தர்றேன்னு சொன்னவங்களுக்கு! அன்னைக்கு அதிரசம் சுட்டிருந்தேன். எங்க ஊரு ஏலக்காய் போட்டது, தெருவே மணக்கும். ஒரு எவர்சில்வர் சம்படம் நிறைய அடுக்கி, அந்தச் சாமானுக்குப் பக்கத்துல இருந்த சந்துல வச்சு, டேப்பை ஒட்டினேன். நடுவுல மட்டும். அதான் உங்களைச் சொன்னேன்.

பார்சல் போய்ச் சேர்ந்து, போன்ல இங்கிலீசுல ஒரு சேதி வந்துச்சு. சுகிர்தா படிச்சா. முகம் செத்துப் போச்சு. "எடுத்துக்க மாட்டாங்களாம் அத்தை. பெட்டி பூரா எண்ணெய்யாம்."

"எண்ணெய்யா? எப்படி எண்ணெய்?"

"அத்தை... பெட்டியில வேற என்ன வச்சீங்க?"

"ஒண்ணும் இல்லையே. பலகாரம்தான்."

கத்தியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். கத்தலை. நேரா நாற்காலி போட்டு ஏறி, பரண் மேல இருந்து பெரிய பெட்டியை இறக்கித் தூசி தட்டினா. துணி வைக்கிற பெட்டி. கோயம்புத்தூர் பெட்டி.

மெதுவாப் பேசுவோம், இவரு காதுல விழப் போகுது. தப்பு முழுக்கக் கூரியர்காரங்க மேலதான். நான் சம்படத்தை நேராத்தான் வச்சேன். இவங்க பார்சலைக் கவுத்துப் போட்டா அதிரசம் என்ன பண்ணும்? நீங்க சொல்லிடாதீங்க, பாவம், நல்ல மனுசன்.

மறுநாள் காலையில, அவ பின்கட்டுல துணி துவைக்கப் போன நேரமாப் பார்த்து, கம்பெனிப் பெட்டியில முதல்ல வந்த தாள்ல இருந்த நம்பருக்கு நானே போனைப் போட்டேன். எடுத்ததும், "இந்த உரையாடல் பதிவு செய்யப்படும்"னு ஒரு குரல். முந்தானையை இழுத்துச் சரி பண்ணிக்கிட்டேன். பதிவு பண்றாங்களே, அலங்கோலமா நிக்க முடியுமா?

அப்புறம் ஒரு பொண்ணு. "வணக்கம்மா, நான் பிரிசில்லா பேசுறேன். எப்படி உதவட்டும்?" என்ன குளிர்ச்சியான குரலுங்கிறீங்க!

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் தாயி. நான் ராசாமணி, போடியில இருந்து பேசுறேன். அதிரசம் வச்சது நான்தான்"னேன்.

"நீங்கதானா அம்மா அது!"ன்னு சிரிப்பை அடக்குறா.

"நல்லா இருந்துச்சா?"

"அம்மா, பெட்டியைச் சோதிக்கிற இடத்துல இருக்கிறவங்க... கொஞ்சம் சாப்பிட்டுட்டாங்க. எனக்கும் ஒண்ணு வந்துச்சு."

"ஒண்ணுதானா? சரி போகட்டும். நீ சாப்பிட்டியா? காலையில என்ன சாப்பிட்ட?"

தூத்துக்குடிப் பக்கத்துப் பொண்ணாம். சென்னையில ஹாஸ்டல்ல இருக்காளாம். அங்க உப்புமா போட்டாங்களாம், இவ சாப்பிடாமலே வந்துட்டாளாம். எனக்கு மனசு கேட்கலை. அதைப் பத்திக் கொஞ்சம் பேசினோம். அப்புறம் விஷயத்துக்கு வந்தேன்.

கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன் தம்பி. பொய்யின்னே வச்சுக்கங்க. காரியம் ஆகணும்ல! "தாயி, நீ அந்தச் சாமானை எடுத்துக்கலைன்னா என் மருமக கோயம்புத்தூருக்குப் போயிருவா. அவ போயிட்டா என் வீட்ல விளக்கு ஏத்தினாலும் வெளிச்சம் இருக்காது. நான் பெத்தது ஒரே ஆம்பளைப் பிள்ளை, பொட்டப்பிள்ளை இல்லைங்கிற குறையை அவதான் தீர்த்தா. ராத்திரி அவ முழிச்சிருந்து வேலை பார்க்கிற சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும். செஞ்சது நான், தண்டனையை அவளுக்குக் கொடுத்துராதீங்க"ன்னேன். பேசப் பேச எனக்கே அழுகை வந்துருச்சுன்னா பாருங்களேன். அவ்வளவு நல்லா நடிச்சிருக்கேன்.

நான் எப்பவும் போனை ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவேன். காதுல வச்சா சூடேறிரும். சத்தமா வேற பேசுவேன், சென்னை தூரம்ல. பின்கட்டுல தப்புத் தப்புன்னு துணி அடிக்கிற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, நடுவுல சட்டுன்னு நின்னுபோச்சு. சோப்பு தீர்ந்திருச்சு போலன்னு நினைச்சேன். அப்புறம் போய்ப் பார்த்தா சோப்பு பாதி இருக்கு. துணி அலசாம அப்படியே கிடக்கு. இந்தக் காலத்துப் பொண்ணுங்க எந்த வேலையைத்தான் முழுசாச் செய்யுது?

பிரிசில்லா நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கிட்டா. "அம்மா, நான் போய் அந்தப் பெட்டியைத் திரும்பத் திறந்து பார்க்கச் சொல்றேன். சாமான் பிளாஸ்டிக் உறையில இருந்தா எண்ணெய் உள்ள போயிருக்காது. நாளைக்கு நானே கூப்பிடுறேன்"னா. நாளைக்குன்னா எந்த நாளைக்குன்னு நமக்குத் தெரியாதா? சரி தாயின்னு வச்சுட்டேன்.

இதுல ஒரு அதிசயம் கேளுங்க. அன்னைக்குச் சாயங்காலமே அந்தத் துணிப் பெட்டி பரண் மேல ஏறிருச்சு! கம்பெனிக்காரங்க இன்னும் ஒண்ணுமே சொல்லலை. சாமான் வரலை. அதுக்குள்ள இவ பெட்டியை ஏத்திட்டு, அடுப்படிக்கு வந்து, "அத்தை, காப்பி இருக்கா?"ன்னு கேட்டு, சூடா இருக்கும்போதே வாங்கிக் குடிச்சா. மூக்கெல்லாம் சிவந்து கிடந்துச்சு. தூசின்னா. கோயம்புத்தூர்க்காரருக்கும் போனைப் போட்டு, வரலை சார்னு சொல்லிட்டா.

எப்படின்னு எனக்கு இன்னைய வரைக்கும் விளங்கலை. நான் யோசிச்சு யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்தேன். அந்தக் கம்பெனி மேல அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை தம்பி. எப்படியும் நல்லபடியா முடிச்சுக் கொடுப்பாங்கன்னு உள்ளுக்குள்ள தெரிஞ்சிருக்கு. ஒரு வியாபாரம்னா அப்படி நம்பிக்கை சம்பாதிக்கணும்.

பிரிசில்லா சொன்ன மாதிரியே மறுநாள் கூப்பிட்டா! உறைக்கு மேலதான் எண்ணெய், உள்ள துளி இல்லை, எடுத்துக்கிட்டோம்னா. அதோட விடலை. "உங்க கம்ப்யூட்டரை உள்பக்கம் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கம்மா, இந்தத் தடவை நாங்களே பார்த்துச் சரியானதா அனுப்புறோம்"னா. பார்த்தா, எங்களுக்குச் சரியானது முதல்ல வாங்கினதை விட விலை கம்மியாம். மிச்சத்தைத் திருப்பி அனுப்பிட்டாங்க. நாம கேட்கவே இல்லை! குணசேகரன்கிட்ட இதைச் சொன்னேன். "அதெல்லாம் எத்தனை நாளைக்குக்கா"ன்னாரு. போன வாரம் அவரு கடை வாசல்ல அதே மாதிரி டேப்பு ஒட்டின பெட்டி ஒண்ணு கிடந்துச்சு. நான் ஒண்ணும் கேட்கலை. எனக்கு எதுக்கு ஊர் வம்பு?

சாமான் வந்து, என் மகன் மாட்டி, சுவிட்சைத் தட்டினான். நான் கண்ணை மூடிக்கிட்டேன். இனியாதான் கையைத் தட்டி, "முழிச்சிருச்சு அப்பத்தா!"ன்னு குதிச்சா. முகூர்த்தத்து ஆல்பம் ஒண்ணு பாக்கி இல்லாமப் போய்ச் சேர்ந்துச்சு.

சாமான் வந்த அந்தப் பெட்டிக்குள்ள என் சம்படமும் இருந்துச்சு தம்பி. பளபளன்னு தேய்ச்சு, உள்ள தூத்துக்குடி மக்ரூன் நிறைய வச்சு! பிரிசில்லா ஊருக்குப் போயிருந்தப்ப வாங்கினதாம். கை பட்டாலே பொடியாகிற பண்டம் அது. சென்னையில இருந்து போடி வரைக்கும் வந்து, ஒண்ணு உடையலை. அவங்க கட்டுற விதம் அப்படி. குண்டு குண்டாக் காத்து அடைச்ச பிளாஸ்டிக்கு, அதைச் சுத்தி அட்டை, அதைச் சுத்தி டேப்பு. நாலு ஓரத்திலயும்!

இப்ப நான் சும்மா இருக்க முடியுமா? அதான் கொண்டு வந்திருக்கேன். பாருங்க, அவங்க அனுப்பின அதே காத்துப் பிளாஸ்டிக்கு, அதே அட்டை. கட்டினது என் மருமக. அதிரசம் சுட்டதும் அவளேதான். "இந்தத் தடவை நான் சுடுறேன், நீங்க உட்காருங்க அத்தை"ன்னு பிடிவாதம். அவளுக்குப் பாகு பதம் தெரியாது. சொன்னாலும் கேட்க மாட்டா. கல்லு மாதிரி வந்திருக்கு. ஒண்ணு தரையில விழுந்துச்சு, தரைக்குத்தான் ஏதாவது ஆச்சான்னு பார்த்தோம். ஆனா கல்லு மாதிரி இருக்கிறதும் நல்லதுதான், எண்ணெய் கசியாதுல்ல! மணம் நல்லாத்தான் இருக்கு. அவங்களுக்குப் பல்லு உறுதியா இருந்தா ருசியும் தெரியும்.

இந்தா, பேன் சுத்துது, கரண்ட்டு வந்துருச்சு. நீங்க முதல்ல போங்க. இல்லையா? சரி, நானே போறேன். நீங்க அதுக்குள்ள அந்த ஓரத்தை ஒட்டிருங்க. ரிட்டர்னை நினைச்சுக் கவலைப்படாதீங்க, நான் சொன்னேன்னு பிரிசில்லா மாதிரி யாராவது இருந்தா பேசுங்க. முதல்ல சாப்பிட்டியான்னு கேளுங்க.

அண்ணே, இந்தாங்க, சென்னைக்கு. அதே விலாசம்தான். என்ன எழுதணும்? உள்ள என்ன பொருளா? பலகாரம்னு எழுதுங்க. உடையிற பொருளா, உடையாத பொருளான்னா?

உடையாதுண்ணே. தைரியமா எழுதுங்க. என் மருமக சுட்டது.